அம்மாவின் ஒற்றைத் தலைவலி

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்குச் சாரல் காலத்தில் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று போனில் பார்த்த மறுநாளே ஒரு வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கும். அதன் பின்னாலேயே அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலியும் வந்துவிடும். எல்லோரும் அருவிக்குப் போவார்கள். அம்மா வாந்தி எடுத்துவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடப்பாள். மற்றப் பிள்ளைகள் அவரவர் அம்மாவோடு குளிக்க, நான் மட்டும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அழுகை அழுகையாய் வரும். போதாததற்கு அத்தை பிடிக்கிற பிடியில் விரலெல்லாம் நொந்துபோகும்.

அந்த வருஷம் குடும்பமே சேர்ந்து துப்பறிந்தது. "மதினி, இந்தப் பிச்சிப்பூ வாடைதான் ஒங்களுக்கு ஆவல" என்று அத்தை பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். துபாயிலிருந்து வந்திருந்த மாமா, "காப்பிய நிறுத்துக்கா, எல்லாம் சரியாப் போவும்" என்றார். நிறுத்தினாள். தலைவலி இரண்டு மடங்காயிற்று. மாமா அடித்துக்கொண்டு வந்த செண்டு தெருமுனை வரைக்கும் மணத்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. வெளிநாட்டுச் சரக்கல்லவா!

கடைசியில் தலைவலி இல்லாத ஒரு காலையாகப் பார்த்து அப்பா டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அப்படியே ஐந்தருவிக்குப் போய்விடலாமே என்று மொத்தப் பேரும் வேனில் ஏறிக்கொண்டோம். டாக்டரம்மா வெயில், தூக்கம், வாசனை எல்லாம் விசாரித்துவிட்டு, "காலைல எப்ப சாப்பிடுதீங்க?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் சாப்ட்டு முடிச்ச பொறவு..." என்று அம்மா இழுத்தாள்.

"நேரத்துக்குச் சாப்பிடாம, தூங்காமக் கெடந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? ஒங்களுக்குப் பட்டினி ஆவாது. ஆமா, இந்தச் செண்டு யாரு போட்டிருக்கா? கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அப்பா நேராக ஓட்டலுக்குள் நுழைந்து, "மொதல்ல இவளுக்கு ஒரு நெய் ரோஸ்ட் கொண்டாங்க" என்றார். மாமாவுக்கு வேனில் கடைசி சீட்டு என்று ஆயிற்று.

ஐந்தருவியில் அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சல் இருக்கிறதே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஓட்டலில் நடந்ததற்குக் கோபம் ஆறவில்லை. திரும்பும்போது அப்பாவிடம் கோள் சொன்னேன். "எனக்கு ஒரு வாய்கூடத் தராம அம்மாவே முழுத் தோசையும் தின்னுட்டா."

வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா சூடாக எதையும் சாப்பிட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.