நான் எழுதக் கூடாத சிலேட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். கணக்கு மட்டும் ஒரு தரம் பார்த்தால் தலைக்குள் நிற்கும். அந்தத் தலையை நம்பித்தான் ஒரு பிள்ளையின் திங்கட்கிழமையைக் கெடுக்கப் பார்த்தேன்.

பிறந்தது கொழும்பில் கொட்டாஞ்சேனை. வாழ்க்கைப்பட்டு வந்தது வெள்ளவத்தை. அவர் போன பிறகு, கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். ஓர் அறையில் புடவைக்கடையில் வேலை செய்யும் அக்காவும் தங்கையும். மற்றதில் கம்பஸில் கொம்பியூட்டர் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சண்டை உச்சத்தில் இருந்த காலம். எல்லோருடைய பெயரையும் பொலிஸில் பதிந்திருந்தோம். அதற்கு மேலும் திடீரென்று வந்து, இப்போது உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார்கள். பதில் தடுமாறினால் வீட்டையே புரட்டிவிடுவார்கள்.

அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் சிலேட்டு. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதில் ஒரே ஓர் எண், உள்ளே இருக்கிறவர்களின் தொகை. வெளியே போகிறவள் ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும், வருகிறவள் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும். இந்தப் புத்தியை ஒழுங்கை முழுக்கச் சொல்லிப் பீற்றியும் இருக்கிறேன்.

கம்பஸ் பிள்ளையின் மேசையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பொத்தான் ஒன்று, வயர் இரண்டு.

"பொத்தானை அமத்தினா ஸ்க்ரீன்ல நம்பர் ஒண்டு கூடவேணும் அன்ரி. மூண்டு நாளாச் சைபரிலயே நிக்குது."

பொத்தானுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னேன். அவள் நல்ல பிள்ளை, சிரிக்காமல் எனக்கு விளங்கப்படுத்தினாள். கொம்பியூட்டருக்குள் கேர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். எல்லாப் பூட்டின் திறப்பும் அதன் கையில்தான். மற்றப் புரோகிராம்கள் குடியிருக்கிறவர்கள் மாதிரி, கேர்னலைக் கேட்காமல் எதையும் தொட முடியாது. ஒவ்வொரு தரமும் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போகும் என்பதால், நினைவகத்தில் ஒரு பக்கத்தை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டு, அதில் ஓர் எண்ணை வைத்திருந்தாள். பொத்தானை அமத்தியதும் கேர்னல் அந்த எண்ணைக் கூட்டி எழுதும். வெளியே நிற்கிற புரோகிராம் அதைப் பார்த்துத் திரையில் காட்டும்.

"குளோபல் வேரியபிள் எண்டு சொல்லுறது. ரெண்டு பேருக்கும் பொது."

"என்ட சிலேட்டு மாதிரி."

"ஓம் அன்ரி, அதேதான்."

"அப்ப நான்தான் கேர்னல்."

"வேற ஆர்?" என்றாள்.

அன்று முழுக்க என் நடையே வேறு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெட்டியைக் கம்பஸில் இயக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் பாஸ். பாஸானால் ஒரு கொம்பனி வேலைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால், படிப்பு முடிந்த பிறகும் ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்கும்போது சொல்ல அவளிடம் காரணம் இல்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை கோவிலுக்குப் போனாள். வாசலைக் கூட்டும்போது சிலேட்டைப் பார்த்தேன், மூன்று. தலைக்குள் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனேன். அதற்குப் பிறகு அக்கா மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறாள், இரண்டு என்று ஒழுங்காக மாற்றியும் இருக்கிறாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தங்கை மழையில் நனைந்து ஓடி வந்தாள்.

"அன்ரி, கையெல்லாம் ஈரம். ஒண்டு கூட்டி எழுதிவிடுங்கோ!"

போனேன். கண்ணாடி போடவில்லை. என் வீட்டுச் சிலேட்டுக்கு எனக்கென்ன கண்ணாடி? இருந்ததைப் பார்க்காமலே சேலைத் தலைப்பால் துடைத்தேன். தலைக்குள் இருந்த மூன்றோடு ஒன்றைக் கூட்டி, நாலு என்று பெரிதாக எழுதினேன்.

பத்து நிமிடம் போகவில்லை, கதவைத் தட்டினார்கள். ஓர் அதிகாரியும் இரண்டு பொலிஸ்காரரும். கேட்பதற்கு முன்னமே நான் அவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பெருமையாகச் சிலேட்டைக் காட்டினேன். அவர் எங்களை எண்ணினார். மூன்று பேர்.

"அம்மே, தவ கெனெக் கோ?" என்றார். இன்னும் ஒருவர் எங்கே என்று.

அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வீட்டில் இல்லை. நாலு என்பது என் கையெழுத்து. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் ரோர்ச் வெளிச்சம் அடித்தார்கள். கடைசியாகக் கம்பஸ் பிள்ளையின் அறை. மேசையில் பெட்டி, பொத்தான், வயர், திரையில் ஓர் எண். மற்றக் காலமென்றால் விளையாட்டுச் சாமான் என்று விட்டிருப்பார்கள், அப்போது பொத்தானும் வயரும் என்றாலே குண்டு நினைவுதான். அவள் சிங்களத்தில் எல்லாம் சொன்னாள், கம்பஸ் அட்டையையும் நீட்டினாள். அதிகாரி பொத்தானை மூன்று தரம் அமத்திப் பார்த்தார். சைபர்.

"இது வேலை செய்யவில்லையே" என்றார் சிங்களத்தில்.

அந்தப் பயத்திலும் அவளுக்கு முகம் சுருங்கியது. பொலிஸ்காரர் ஒருவர் வயரைக் கழற்றப் போனார். நாலாவது ஆள் கிடைக்கும் வரைக்கும் பெட்டியும் கொம்பியூட்டரும் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார் அதிகாரி. நாளைக்குத் திங்கட்கிழமை. நான் சிலேட்டைப் பார்க்கிறேன், பிள்ளை என்னைப் பார்க்கிறாள்.

அப்போதுதான் அக்கா மீன் பையோடு உள்ளே வந்தாள். வந்தவள் பழக்கத்தில் நேரே சிலேட்டுக்குப் போனாள்.

"ஆர் நாலு எண்டு எழுதினது? நான் ரெண்டு எண்டெல்லோ எழுதிப்போட்டுப் போனனான்!"

அவளை நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பதிவுத் தாளோடு ஒப்பிட்டார்கள். நாலு பேரும் சரி. பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது அதிகாரி சிலேட்டை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "காலமை மூண்டு எண்டு பாத்தனான் பிள்ளை. அதைத்தான் தலைக்குள்ள வச்சிருந்தனான்."

"பிறகு போய்ப் பாக்கேல்லையோ?" என்று கேட்டாள் கம்பஸ் பிள்ளை.

"என்னத்துக்குப் பாக்கிறது? எனக்குத்தான் தெரியுமே."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்ரி, அவனும் இதைத்தான் செய்யிறான்!" என்று அறைக்குள் ஓடினாள்.

அவன் என்றது வெளியே நிற்கிற அந்தப் புரோகிராமை. தொடக்கத்தில் ஒரு தரம் சைபரைப் பார்த்துவிட்டு, அதையே கைக்குள் வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கேர்னல் ஒழுங்காகத்தான் கூட்டி எழுதியிருக்கிறது, இவர்தான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாளாக அவள் கேர்னல் பக்கத்தைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த எண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைப் போட்டாள். இதை வேறொருவர் மாற்றக்கூடும், ஒவ்வொரு தரமும் போய்ப் பார் என்று சொல்கிற சொல்லாம். பொத்தானை அமத்தினாள், ஒன்று. என்னையும் அமத்தச் சொன்னாள், இரண்டு.

அதோடு இன்னொன்றும் செய்தாள். பொதுப் பக்கத்தில் எழுதும் உரிமையை வெளிப் புரோகிராமிடமிருந்து எடுத்துவிட்டாள். இனி அது பார்க்கலாம், எழுத முடியாது. பிறகு எழும்பி வந்து, ஆணிக்குப் பக்கத்தில் இருந்த வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் இனிப் பாக்க மட்டும்தான் அன்ரி."

"நான் கேர்னல் எல்லோ?"

"கேர்னல் பாக்காமல் எழுதாது."

திங்கட்கிழமை பெட்டி வேலை செய்தது. கடிதமும் வந்தது. அதன் பிறகு நான் பூசைக்குப் போனால்கூட என் எண்ணை வேறொருத்திதான் குறைத்து எழுதுவாள். ஒழுங்கையில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பதிவைப் புதுப்பிக்கிற நாள் வந்தபோது, வீட்டுக்காரி கையெழுத்துப் போட வேண்டிய தாளை அந்தப் பிள்ளை என்னிடம் நீட்டினாள். பேனையை எடுத்தேன். அவள் தாளை விடவில்லை.

"முதல்ல வாசியுங்கோ."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் பெயருக்கு நேரே, தங்கியிருக்கும் காரணம் என்ற இடத்தில் ஒரு சொல் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். வேலை. இன்னொரு தரமும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.