பாலமுனைக்குப் போன ரோமக் கதை

இந்த ஊரில் வாசித்து முடித்த புத்தகங்களை வீட்டு மதிலின் மேல் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஓர் அட்டையில் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சிறுநகரத்துக்கு வந்து ஐந்து வருடமாகியும் அதில் கைவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. யாரோ ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். போன குளிர்காலத்தில் ஒருநாள் பஸ் பிந்தியது. மதிலில் இருந்த தடித்த நாவலொன்றின் அட்டையில் இரும்புத் தொப்பி போட்ட சிப்பாய் ஒருவன் குளிரில் ஒடுங்கி நின்றான். என்னைப் போலவே நிற்கிறானே என்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுதியவர் ஒரு பெண். பண்டைய ரோமைப் பற்றி மட்டுமே எழுதியவர். ஆனால் அவருடைய கதைகளில் பேரரசர்களெல்லாம் தூரத்தில்தான் வருவார்கள். கோட்டைச் சமையற்காரன், கழுதைக்காரன், காலுறை அனுப்பும்படி வீட்டுக்குக் கடிதம் எழுதும் சிப்பாய், இவர்கள்தான் பக்கத்தை நிரப்புவார்கள். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள். பூஞ்சணம் பிடித்த தானியத்தை எப்படிக் கழுவினால் வாடை போகும் என்று கோட்டைச் சமையற்காரன் யோசிக்கும் இடத்தில் அந்த எழுத்தாளருக்கு நான் அடிமையாகிவிட்டேன். இந்த மனுஷி பானை கழுவியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

முடித்ததும் புத்தகத்தை உரியவரிடம் கொடுக்கப் போனேன். எங்கள் பக்கம் அயலில் இருந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. அந்தப் பழக்கத்தில் ஒரு கிண்ணம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் கொண்டுபோனேன். கதவைத் திறந்த வயதான பெண்மணியின் முகம் வாடிவிட்டது.

"பிடிக்கவில்லையா?" என்றார் ஆங்கிலத்தில்.

"நல்லாப் பிடித்தது. முடித்துவிட்டேன்."

"அப்படியானால் ஏன் திருப்பித் தருகிறீர்கள்?"

இங்கே இலவசமாக வைத்ததைத் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தமாம். வட்டிலப்பத்தை ஏதோ சமாதானத்துக்கு என்று எண்ணியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, அதே எழுத்தாளரின் மற்றப் புத்தகங்கள் முழுவதையும் ஒரு பெட்டியில் கட்டி என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மேலே கழுவின கிண்ணம், வெறுமையாக.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. எனக்குச் சொல்ல இருந்தது இலங்கையில், பாலமுனையில் உள்ள என் மூத்த சகோதரி, ராத்தா ஒருவர்தான். அவரோ என்னோடு கதைப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

எங்கள் தகப்பன், வாப்பா, மௌத்தான அன்று என் பாஸ்போர்ட் விசாப் புதுப்பிப்புக்காக இங்குள்ள அலுவலகத்தில் கிடந்தது. ஜனாஸாவை அன்றே அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டார்கள். எப்படியும் நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதை ராத்தா குற்றமாக எடுக்கவில்லை. பிறகும் நான் வரவில்லை என்பதுதான் அவருடைய கோபம். "பாஸ்போர்ட் இன்னும் வரல்ல ராத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர் போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

ஆனாலும் வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பும் வொய்ஸ்களைக் கேட்பார். நீலக் குறி விழும், பதில் வராது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, பகல் இடைவேளையில் அந்த நாவலைத் தமிழில் சொல்லி அனுப்பத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குக் காணி கொடுத்து, வாய்க்கால் தண்ணீருக்கு அவர்கள் அடிபடும் அத்தியாயத்தை அனுப்பிய அன்று ராத்தாவின் வொய்ஸ் வந்து என் போன் சத்தமிட்டது. வாப்பாவின் வயலை இப்போது ராத்தாதான் பார்க்கிறார்.

"என்ன புள்ள இது? மேல்காணிக்காரனே முழுத் தண்ணியையும் எடுத்தா கீழ்க்காணிக்காரன் என்ன செய்யிறது? முறை வச்சித் தண்ணி பிரிச்சி விட வட்டவிதானை ஒருத்தரும் இல்லையா அங்க?"

சட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன், சிரிக்கவும் செய்தேன். கூட வேலை செய்யும் பெண் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டாள். ரோமில் தண்ணீர்த் தகராறு என்றேன். பாவம், தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கதை போனது, ராத்தாவின் கேள்விகள் வந்தன. இப்படி ஐந்தாவது புத்தகத்துக்கு வந்தோம். அதன் நாயகன் சிரியாவிலிருந்து இந்த வடக்கு எல்லைக்கு வந்த சிப்பாய். மாரியில் அவனுக்குத் தகப்பன் இறந்த செய்தி வருகிறது. அத்தியாயத்தை அங்கே நிறுத்தினேன்.

"பொறகு ஊருக்குப் போனானா?" என்று கேட்டிருந்தார் ராத்தா.

புத்தகத்தில் அவன் போகவில்லை. தளபதி விடுப்புத் தருகிறார். அவனோ போனால் தன் இடம் பறிபோகும் என்று பயந்து எல்லை மதிற்காவலுக்கே திரும்பிவிடுகிறான். அந்த எழுத்தாளர் அவனைத் திட்டவுமில்லை, அவனுக்காகப் பரிந்து பேசவுமில்லை.

என் பாஸ்போர்ட் வாப்பா மௌத்தாகி மூன்றாம் மாதமே வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். கதையை மாற்றிச் சொல்லியிருக்கலாம், ராத்தாவுக்குத் தெரிய வராது. ஆனால் வாய் வரவில்லை.

"போகல்ல ராத்தா. லீவு கிடைச்சும் போகல்ல. நானும் அப்பிடித்தான். பாஸ்போர்ட் எப்பவோ வந்திட்டு" என்று அனுப்பினேன்.

நீலக் குறி விழுந்தது. நான்காம் நாள் ஒரு வொய்ஸ் வந்தது.

"அவனுக்கு ஊர்ல ஒரு ராத்தா இருந்தாளா?"

அவனுக்கு அப்படி ஒருத்தி எந்தப் பக்கத்திலும் இல்லை. "ஓம், இருந்தா" என்றேன்.

"அவளுக்குக் கோபம் எண்டு மட்டும் சொல்லாத. தகப்பன அடக்கின கபுறடிக்கு அவள்தான் கூட்டிப் போகணும். அவன வரச் சொல்லு."

ஐந்தாவது புத்தகத்தில் அந்தச் சிப்பாய் இன்னும் பனி கொட்டும் மதிலில்தான் காவல் நிற்கிறான். நான் சொல்லி அனுப்பிய கதையில், ராத்தாவின் போனில் அவன் கடல் தாண்டி, பாலமுனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நிற்கிறான்.