இருபது தடவை செருகிப் பார்த்தேன்

நூம்பலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுகிறவள். பூந்தமல்லிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒன்பது வருடமாகப் போட்ட கைகளையெல்லாம் படம் எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் வேலை பிடிப்பாள்.

"எங்கிட்ட குடு, நல்லதா பொறுக்கி ஆல்பம் பண்ணித் தரேன்" என்று நான்தான் வலியப் போய்க் கேட்டு வாங்கினேன். ஆவடியில் ஓர் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் என்ற மிதப்பு எனக்கு.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு அதை மாட்டி வைத்திருந்தேன். கேஸ்காரர் மணி அடித்தார். எழுந்த வேகத்தில் புடவையில் வயர் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, உள்ளே டக், டக் என்று சத்தம். லேப்டாப்பில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதே மாடிப்படி ஏறியிருக்கலாம். ஏறாமல், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று உட்கார்ந்தேன். வேறு வயர் போட்டேன், வேறு துளையில் செருகினேன், வீட்டுக்காரரின் பழைய கம்ப்யூட்டரிலும் போட்டேன். இருபது தடவையாவது இருக்கும். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னாரென்று பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் கூட வைத்தேன். எடுத்து மறுபடி செருகியபோது சத்தம் கீச்சென்று மாறியிருந்தது.

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். "ஏதோ வயர் கோளாறு போலம்மா, ஓப்பன் ஆகல."

அவள் போட்டுப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கி வந்தாள். முகம் செத்திருந்தது. "எம்மேலதான் தப்புக்கா. போன வாரம் வண்டி டிக்கியில போட்டுகினு வேலப்பன்சாவடி பள்ளத்துலல்லாம் போனேன். அதான் அடிபட்டுக்கீது."

பழுதுபார்க்கிற கடைக்குத் துணைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

குமணன்சாவடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரர் அதை வாங்கி, பிரித்துப் பார்க்கிற இடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் போனோம். போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடிபோல் பளபளத்த தட்டில் வட்டமாக ஒரு கீறல்.

"கீழ வுழுந்ததோட நிறுத்தி அப்படியே எடுத்தாந்திருந்தா முக்கால்வாசி எடுத்திருக்கலாம்மா. வுழுந்தப்புறம் திரும்பத் திரும்ப ஓட்டிக்கீறீங்க. படிக்கிற முள்ளு தட்டையே சொரண்டிடுச்சி. உள்ள ஈரம் வேற."

"நான் ஒரே தபாதான் போட்டேன்" என்றாள் அவள். "ஈரம் எப்படி?"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே நெடுஞ்சாலை இரைச்சலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன், ஃப்ரீசர் உட்பட. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஒரு வாரமா என்னையே திட்டிகினு இருந்தேங்கா. பாத்துகினுதானே இருந்தீங்க?" என்றாள். அன்று நான் ஷேர் ஆட்டோவில் தனியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் அவளிடம் பழைய வாடிக்கையாளர்களின் எண்களைக் கேட்டேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள். இரண்டு நாள் கழித்து, ஒரு வார்த்தையும் இல்லாமல், எண்கள் மட்டும் போனுக்கு வந்தன. ஒவ்வொருவராக அழைத்து, "உங்க கல்யாணத்துல போட்ட மெஹந்தி போட்டோ இருக்கா?" என்று கெஞ்சினேன். சிலருடைய எண் மாறியிருந்தது, சிலர் தேடுவதாகச் சொல்லி மறந்தார்கள். மங்கலாகவும் பாதி வெட்டுப்பட்டும் வந்தவையெல்லாம் சேர்த்தால் பழையதில் கால்வாசி தேறாது.

அவற்றைக் காட்ட மாடிக்குப் போனேன். வாசலில் நின்றபடியே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் ஒன்றில் நின்றாள்.

"இது நான் போட்டதில்லக்கா. எவளோ போட்ட கை. அந்தப் பொண்ணு மாத்தி அனுப்பிட்டா" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ள வாங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன்.