கதவுக்குள் ஒரு சத்தம்

என் கணவரின் பழைய காரில், டிரைவர் பக்கக் கதவுக்குள் எப்போதும் ஒரு சலசலப்பு. கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

தினமும் அவருடைய இதய மாத்திரையை அட்டையிலிருந்து நறுக்கிக் கையில் கொடுப்பேன். "மாட்டுங்கா கோயிலுக்குப் போயிட்டு, இட்லி சாப்பிட்டதும் போட்டுக்கறேன்" என்று காரில் ஏறிவிடுவார்.

மாரடைப்பில் அவர் போன பிறகு, சத்தத்தைச் சரிசெய்யத் தாராவி மெக்கானிக்கிடம் போனேன். கதவைப் பிரித்தவர் அடியிலிருந்து கைநிறைய அள்ளிக் காட்டினார். நான் நறுக்கிக் கொடுத்த மாத்திரைகள். ஒன்றைக்கூடப் பிரிக்காமல், கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகப் போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரிடம் காட்ட?

"தூரப் போட்டுரட்டுமாக்கா?"

"வேண்டாம்பா. உள்ளேயே போட்டு மூடிடு."

இப்போது மகன் ஓட்டுகிறான். அது என்ன சத்தம் என்று நேற்று கேட்டான்.

"பழைய வண்டிடா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.