நீக்கப்பட்டவன் வீட்டுக்கே வந்தான்

தில்லியின் துவாரகா பகுதியில் இருந்தபோது, அந்நகரத் தமிழர்களுக்காக ஓர் இணையக் குழு நடத்திவந்தேன். பெண்களை ஆபாசமாகத் திட்டிய ஓர் உறுப்பினரை, இருமுறை எச்சரித்தும் கேட்காததால் நீக்கினேன். என் பதிவுகளின் கீழே வீட்டு முகவரியும் இருக்கும்.

ஞாயிறு காலை மணி அடித்தது. கணவர் கதவைத் திறந்ததும், "எங்கடா உன் பொண்டாட்டி? என்னையா தூக்குறா?" என்று கத்தியபடி ஹாக்கி மட்டையால் ஒருவன் அவரைத் தாக்கினான். இரண்டாவது அடியில் நெற்றி பிளந்தது. ரத்தம் வழிய விழுந்தவரை உள்ளே இழுத்தேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி, "பகடோ, பகடோ!" என்று பிடிக்கச் சொல்லி இந்தியில் அலற, காவலாளிகள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள்.

கண் தப்பியது. தையல் போடும்போதே கணவர், "குழுவை மூடிடாதே. போக வேண்டியது அவன்தான்" என்றார்.

மூடவில்லை. இப்போது நிர்வாகிகள் மூவர் சேர்ந்தே ஒருவரை நீக்குகிறோம். நீக்கும் அறிவிப்பில் எங்களில் எவர் பெயரும் இருக்காது. என் முகவரியை எங்கும் எழுதுவதில்லை.