நாலாவது நிமிடத்தில் இருந்த பதில்

பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் அவள் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தாள். சேர்ந்த இரண்டாம் மாதமே ‘விசாரணை’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டிலும் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். மனிதர்கள் எந்தக் கேள்வியையும் நேராகக் கேட்பதில்லை என்பதை அவள் அங்கேதான் தெரிந்துகொண்டாள். “எட்டு மணி வண்டி எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்பவரைப் பார்த்து அவள் சிரித்ததில்லை. இன்றைக்கும் வண்டி தாமதமா என்பதுதான் அவர் கேட்க வந்தது.

எல்லார் கையிலும் போன் வந்ததும் அந்த ஜன்னலை மூடிவிட்டார்கள். அப்போது அக்காவின் கணவர் வீட்டுப் பின்னறையில் ஒரு வீடியோ சேனல் நடத்திக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, கதவில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்த அறை. கேமரா அத்தான் கையில்; திரையில் தெரிவது அக்காவின் முகம். வீட்டுக் குறிப்புகள் சொல்வார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

“எழுதத் தெரிஞ்சவங்க இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். நீ வா,” என்றார் அத்தான்.

போனாள். ‘துணிகளில் படிந்த கறைகளை அகற்றும் வழிமுறைகள்’ என்று அத்தான் வைத்திருந்த தலைப்பை ‘சட்டைல இங்க் கறை போகலையா?’ என்று மாற்றினாள். மூன்றே வாரத்தில் தேடலில் அது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஜனங்கள் எந்தச் சொல்லைத் தட்டுவார்கள், அவசரத்தில் எந்த எழுத்தை விழுங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சொற்களையே ஸ்கிரிப்டின் முதல் வரியில் அக்காவின் வாயில் வைப்பாள்.

இன்னொரு வித்தையும் பிடிபட்டது. கேள்வியை முதலில் போட்டுவிட்டுப் பதிலைத் தள்ளிக்கொண்டே போனால் பார்ப்பவர் நகரமாட்டார். அதிக நேரம் பார்க்கப்படும் வீடியோ தேடலில் மேலே ஏறும். அதனால் எல்லா ஸ்கிரிப்டிலும் நாலாவது நிமிடத்தில் அக்கா ஒரு விரலைத் தூக்கி, “இப்ப சொல்லப் போறதுதான் ரொம்ப முக்கியம்” என்பாள். இந்தப் பழக்கம் முற்றிப்போய், துண்டு எங்கே என்று அத்தான் குளியலறையிலிருந்து கேட்டால்கூட விரலைத் தூக்கிவிட்டுத்தான் பதில் சொல்வாள். கமெண்டில் ஊரே அவளை அக்கா என்றது. எழுதுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. விசாரணையும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

‘குழந்தை பேட்டரி முழுங்கிட்டா என்ன பண்றது?’ என்ற வீடியோவையும் அவள்தான் எழுதினாள். கடிகாரத்திலும் ரிமோட்டிலும் போடும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரி. தெரிந்த ஒரு குழந்தை மருத்துவர் ஒரு தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். முதல் வரியே அடிக்கோடிட்டிருந்தது: ‘ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாப்பிட எதுவும் தரக் கூடாது.’ அந்த வரியை எடுத்து நாலாவது நிமிடத்தில் வைத்தாள். பேட்டரி எத்தனை வகை, எந்தெந்தப் பொம்மையில் இருக்கும் என்பதெல்லாம் அதற்கு முன்னால் வந்தன. ஒரு தகவல்கூடத் தப்பில்லை. வீடியோ முதல் இடத்துக்குப் போனது.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல். துணி துவைக்கும் இயந்திரத்தில் வரும் நாற்றம் பற்றி அக்கா கேமராவுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். விசாரணை மூலையில் முக்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலக் கமெண்டுகளைப் பார்த்தாள்.

‘அக்கா பையன் ரிமோட் பேட்டரி முழுங்கிட்டான் ஒன்றர வயசு என்ன பண்ணனும் மூணு நிமிசமா பாக்றேன் இன்னும் சொல்லல சொல்லுங்க’

பதிவாகி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

‘உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் குடுக்காதீங்க. இப்பவே போங்க’ என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அவளுடைய பதிலுக்கு மேலே இன்னொன்று இருப்பதைப் பார்த்தாள். யாரோ எழுதியிருந்தார்கள்: ‘பயப்படாதீங்க, வாழைப்பழம் குடுங்க, தானா வெளிய வந்துடும்.’ அதற்குள் நாலு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

“டேக் நல்லா போய்க்கிட்டு இருந்துச்சே,” என்று அத்தான் கேமராவுக்குப் பின்னாலிருந்து எரிச்சலோடு தலையை நீட்டினார்.

அவள் போனை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா படித்தாள். முகத்தில் பூசியிருந்த பவுடரைத் தாண்டி வெளிறல் தெரிந்தது.

“என்னைத்தான்டி கேட்டிருக்காங்க.”

“நான் எழுதினதைத்தான் நீ பேசினே. கொடு இங்க.”

வாழைப்பழக் கமெண்டை அழித்தாள். தன் பதிலை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைத்தாள். கேள்வி கேட்டவரின் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். படமில்லை, ஊரில்லை, எண்ணில்லை. எழுதியது தாயா தகப்பனா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்ததாக மேசைக்குப் போய் வீடியோவின் தலைப்பை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டினாள்: ‘குழந்தை பேட்டரி முழுங்கிட்டா உடனே ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்காதீங்க.’

அத்தான் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “ஏய், பதிலையே தலைப்புல வெச்சா யாரு உள்ள வருவாங்க?”

“யாரும் வரவேணாம், அத்தான். நேரா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.”

“ஒரு கமெண்டுக்காக... முதல் இடத்துல இருக்கிற வீடியோ அது. தொட்டா இறங்கிடும்னு உனக்குத் தெரியாதா? தகவல் எல்லாம் சரியாத்தானே சொல்லியிருக்கோம்?”

“சரியாத்தான் சொன்னோம். நாலாவது நிமிஷத்துல சொன்னோம். ஜன்னல்ல உக்காந்திருந்தப்ப வண்டி கிளம்பிடுச்சுன்னு ஓடி வர்றவங்ககிட்ட நிலையத்தோட வரலாறா சொன்னேன்? அஞ்சாம் நம்பர் பிளாட்பாரம், ஓடுங்கன்னுதான் சொன்னேன்.”

அத்தானுக்கும் குரல் ஏறியது. “உன்னை யாரு அந்த வரியைத் தள்ளி வைக்கச் சொன்னது? நானா?”

அவர் சொல்லவில்லை. அவளாகத்தான் வைத்தாள். பொத்தானை அழுத்தித் தலைப்பைப் பதிவு செய்தாள்.

அன்று மீதிப் படப்பிடிப்பு நடக்கவில்லை. அக்கா மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி, மூன்று மணி. பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து விசாரணைக்குக் கட்டைவிரல் வலித்தது. புதிதாக வந்த கமெண்டுகள் ‘பையன் எப்படி இருக்கான்?’ என்று கேட்டன. சில ‘இதுக்குத்தான் இழுத்து இழுத்துப் பேசறீங்களா?’ என்று திட்டின. ஒருவர் மட்டும் அக்காவின் புடவை அழகு என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அக்கா அழ ஆரம்பித்தாள். விசாரணைக்கு அழுகை வரவில்லை. அவள் மறுபடியும் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. எழுதியவர் தகப்பன்.

‘உங்க பதிலை நான் பாக்கல. என் தம்பி போனப் புடுங்கிப் போட்டுட்டுப் புள்ளையத் தூக்கிட்டு ஓடினான். எடுத்துட்டாங்க. தொண்டைக்குக் கீழ புண்ணாயிடுச்சு, குழாய் வழியாதான் பால் போகுது. பொழச்சுக்குவான்னு டாக்டர் சொல்றார். என் தம்பி மாதிரி எனக்குத் தோணல, நீங்க சொல்வீங்கன்னு உக்காந்து பாத்துட்டு இருந்தேன்.’

கடைசி வாக்கியத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். ஏழெட்டு முறை பதில் எழுதி அழித்துவிட்டு, முடிவில் அனுப்பியது இது: ‘மன்னிச்சுக்குங்க. இதை எழுதினது நான், பேசறவங்க இல்ல. பதிலைப் பின்னால வெச்சது என் தப்பு.’

அதற்கு அவர் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலையிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேனலில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களையும் வரிசையாகப் பார்த்தாள். கறை, நாற்றம், எறும்பு இவையெல்லாம் எவ்வளவு இழுத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பேட்டரி, தீக்காயம், கேஸ் கசிவு, மாத்திரை மாற்றிச் சாப்பிட்டது என்று ஒன்பது வீடியோக்கள் தனியாக நின்றன. ஒன்பதிலும் அவசரமான வரி நாலாவது நிமிடத்தில்தான் இருந்தது. ஒன்பதையும் புதிதாக எழுதினாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். செய்ய வேண்டியது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடும். எழுதியதைக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய் வரிசை சரியா என்றும் கேட்டாள். முன்பு தகவல் சரியா என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

அந்த நாட்களில் அத்தான் அவளோடு நேரில் பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டே, “விளக்கை இடது பக்கம் நகர்த்தணுமான்னு உன் தங்கச்சியைக் கேளு” என்று அக்காவிடம் சொல்வார். “வேணாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு,” என்பாள் இவள். இரண்டு நாள் தூது போன அக்கா மூன்றாம் நாள், “எனக்கு வாய் வலிக்குது, நீங்களே பேசித் தொலைங்க,” என்று எழுந்து போய்விட்டாள். அத்தான் கேமராவின் மூடியைக் கழற்றினார்.

“இறங்கிடும்,” என்றார் அத்தான்.

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. பேட்டரில இருந்து ஆரம்பிக்கலாம்.”

அவர் சொன்னது போலவே இறங்கியது. தலைப்பு மாறிய பழைய வீடியோ இரண்டே வாரத்தில் முதல் இடத்திலிருந்து ஆறாவதுக்கு வந்தது. புது வீடியோவை எத்தனை பேர் விடாமல் பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் முதல் பத்து வினாடியிலேயே சுவரிலிருந்து விழுந்ததுபோலச் செங்குத்தாகச் சரிந்தது. விடை கிடைத்ததும் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று அர்த்தம். முன்பானால் இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சோறு இறங்கியிருக்காது.

ஏழு வாரம் கழித்துப் புது வீடியோவின் கீழே அந்தத் தகப்பனிடமிருந்து மூன்றே சொற்கள் வந்தன. ‘குழாயை எடுத்துட்டாங்க அக்கா.’ அக்காவுக்கு எழுதினாரா, அவளுக்கு எழுதினாரா என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்குத் தேடலில் முதல் இடத்தில் இருப்பது வேறு யாருடையதோ வீடியோ. ஏழு நிமிடம் நீளம். ‘கடைசிவரை பாருங்க’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பதில் ஆறாவது நிமிடத்தில் வருகிறது. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் விசாரணை அந்த வீடியோவைத் திறந்து அதன் கீழே மூன்று வரி எழுதுகிறாள்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. அவர்கள் அதை அழித்துவிடுகிறார்கள். அவள் மறுபடியும் எழுதுகிறாள். இதுவரை இருபத்தொரு முறை அழித்துவிட்டார்கள். இன்று காலை எழுதியது, அக்கா சற்றுமுன் பார்த்தபோது, அப்படியே இருந்தது.