ஏறுகிற வண்டிக்கு வழி

கொல்லிமலை அருவியைப் பார்க்கக் காரை நானே ஓட்டிச் சென்றேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. மரியாதையாக வழிவிட்டு நின்றேன். பஸ்ஸும் நின்றது. கையசைத்தேன், அது அசையவில்லை. மேட்டில் நின்ற என் கார் மெல்லப் பின்னால் உருள, பிரேக்கை அழுத்திப் பிடித்தேன்.

“எறங்கு, நான் ஓட்டறேன்” என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர்.

பஸ் ஜன்னலில், பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். “ஏறுற வண்டிக்குத்தான் கண்ணு இங்க மொத வழி. நீ போ சாமி, நாங்க நிக்கறோம்.”

முதல் கியரில் ஒரே மூச்சாக ஏறினேன். ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

மாலையில் இறங்கும்போது, எதிரே ஏறி வந்த கார் ஒன்று தயங்கியது. ஓரங்கட்டி ஜன்னலைத் திறந்தேன்.

“நீங்க ஏறுங்க, நாங்க நிக்கறோம்!”